பிள்ளையின் பெயர் யார் வாயில் எப்படி ஒலிக்கும்? புத்தளம் கரையிலிருந்து சில குறிப்புகள்

நீர்கொழும்பிலிருந்து வடக்கே புத்தளம் நோக்கிப் போகும் வீதியில் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே வந்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். நாங்கள் சிலாபம் என்கிற ஊர் சிங்களத்தில் ஹலாவத்த, ஆங்கிலத்தில் சிலோ. முந்தல் முந்தலம ஆகிவிடுகிறது. உடப்பு உடப்புவ. கற்பிட்டி கல்பிட்டிய. புத்தளமே சிங்கள வாயில் கடைசி மெய்யெழுத்தில் நிற்க முடியாமல் புத்தலம என்று நீளுகிறது. ஊர்கள் இதைத் தாங்கிக்கொள்ளும். அவை பரீட்சைக்கு விண்ணப்பிப்பதில்லை, வீசா கேட்டு வரிசையில் நிற்பதில்லை. பிள்ளைகள் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கரையில் பல வருடங்கள் தமிழ் படிப்பித்தேன். ஓய்வுபெற்ற பிறகும் விண்ணப்பப் பத்திரம் நிரப்பித் தரச் சொல்லி ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர்களில் பாதிப்பேர் கொண்டுவருவது பெயர்ச் சிக்கல்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது. அதனால்தான், பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பெயர் தேடுகிற இளம் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எந்தப் பெயர் அழகானது என்பதை நான் சொல்லப்போவதில்லை. ஒரு பெயர் வேறு வேறு வாய்களுக்குள் போகும்போது என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கேட்டு எடுத்த பெயர்களும் பொருள் பார்த்து எடுத்த பெயர்களும்

பிற மொழிப் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயப் பாதிரிமாரோடு வந்த பெயர்களை நம் முன்னோர் இரண்டு விதமாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்று, காதுக்குக் கேட்டபடி. ஜோசே என்ற பெயர் சூசை ஆனது. சந்தியாகோ சந்தியாகு ஆனார். ஆன் என்ற புனிதை அன்னம்மாள் ஆகித் தலவிலயில் வீற்றிருக்கிறார். மார்ச்சிலும் ஓகஸ்டிலும் அங்கே திருவிழாவுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது வெளியிலிருந்து வந்த பெயர் என்ற நினைப்பு வரும்? மற்றது, பொருளைப் பார்த்து. ஸ்தேவான் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் முடி என்று பொருள். அதனால் அவர் முடியப்பர். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர். அவர் சின்னப்பர். யோவான் என்பதன் எபிரேயப் பொருளில் இறைவனின் அருள் இருக்கிறது. அவர் அருளப்பர்.

இந்த அருளப்பரை மட்டும் கொஞ்சம் பின்தொடர்ந்து பாருங்கள். அருளப்பு என்று பெயர் கொண்ட ஒரு தாத்தா. போர்த்துக்கேய ஜொவாம் என்பதிலிருந்து வந்த சுவாம்பிள்ளை என்று இன்னொரு வீட்டுப் பெரியவர். ஆங்கிலேயர் காலத்தில் பிறந்த மகனுக்கு ஜோன். தொலைக்காட்சிக் காலத்தில் பிறந்த பேரனுக்கு ஷோன். நான்கு பேருக்கும் ஒரே பெயர்தான். ஷோன் என்பது அயர்லாந்து நாட்டவர் யோவானுக்கு வைத்திருக்கும் பெயர்.

ஆம், அயர்லாந்துப் பெயர்களும் நம்மிடம் எப்போதோ வந்து குடியேறிவிட்டன. யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியின் பெயரில் இருப்பவர் அயர்லாந்தின் பாதுகாவலரான புனிதர். லத்தீன் வழியாக வந்ததால் பத்திரிசியார் என்கிறோம். ஆங்கில வழியாக வந்த அதே பெயரை யாழ்ப்பாணத்தில் பற்றிக் என்றும் தமிழ்நாட்டில் பேட்ரிக் என்றும் எழுதுகிறார்கள். சொந்த நாட்டில் அவர் பாட்ரிக் என்பதற்கும் போரிக் என்பதற்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று, மாகாணத்தைப் பொறுத்தது. நம் ஊர்களில் கெவின் என்று பெயர் வைத்த பையன்களுக்கு அது ஓர் அயர்லாந்துத் துறவியின் பெயர் என்று தெரிந்திருக்காது. மோரீன், எயிலீன், கத்லீன் என்று பெயர் கொண்ட பழைய ஆசிரியைமாரும் அந்த வரிசைதான். கத்லீன் என்பது கத்தரீனாளின் அயர்லாந்து வடிவம். போர்த்துக்கேயர் கொண்டுவந்த கத்தரீனாள் வீட்டிலேயே இருக்க, அவளே கத்லீனாக வேறு கப்பலில் வந்து இறங்கியிருக்கிறாள்.

என் தங்கையின் மகள் டப்ளினில் தாதியாக வேலை செய்கிறாள். போன வருடம் பிள்ளை பிறக்க இருந்தபோது, அங்கே பிறக்கிற பிள்ளைக்கு அந்த நாட்டுப் பெயர் ஒன்றை வைக்கலாமா என்று ஒரு பட்டியலை அனுப்பிக் கேட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் பெயரும் எழுத்தும் சண்டைபோடும் இன்னொரு நாடு இருக்கிறது என்று ஆறுதல் வந்தது. ஐரிஷ் மொழியில் 'பி' எழுத்துக்குப் பின்னும் 'எம்' எழுத்துக்குப் பின்னும் 'எச்' வந்தால் அது பெரும்பாலும் 'வ' ஒலி. அது தெரியாத ஆங்கிலக்காரர் எழுத்துக்கூட்டினால் நியாம் என்று வாசிக்கும் பெயர் உண்மையில் நீவ். சியோபான் என்று தோன்றுவது ஷிவான். அந்த நாட்டுக்குள்ளேயே வாய்க்கு வாய் வேறுபாடும் இருக்கிறது. ஒரே பெண்ணை வடக்கே கீவா என்றும் தெற்கே க்வீவா என்றும் கூப்பிடுவார்கள். விடுதலை என்று பொருள்படும் பெயர் ஒன்று உண்டு. அதைச் சிலர் சீர்ஷா என்பார்கள், சிலர் சேர்ஷா என்பார்கள். பொருளைக் கேட்டதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பெயர் பிடித்துவிட்டது. ஏன் என்று இந்த வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் பட்டியலில் அவள் முதலில் குறித்திருந்தது கீரா. உடப்பில் இருக்கும் மாப்பிள்ளையின் தாயார் தொலைபேசியில் அதைக் கேட்டுவிட்டு, "கீரையா? ஏன் பிள்ளை, வேற பேர் கிடைக்கேல்லையா?" என்று கேட்டதோடு அது நீங்கிவிட்டது.

ஐரிஷ் எழுத்தில் உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு வரும். அது நெடில் அடையாளம். ஷோன் என்ற பெயரை அந்தக் கோடில்லாமல் எழுதினால் கிழம், பழையது என்ற பொருள் தரும் வேறொரு சொல்லாகிவிடும். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகளில் வெறும் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே இடம் உண்டு, கோட்டுக்கு இடமில்லை. நமக்கும் இதே கதிதான். ஆங்கிலத்தில் எழுதினால் பாலாவும் பலாவும் ஒன்று. கலா, காலா, கால எல்லாம் ஒன்று.

அந்த நாட்டின் ஊர்ப்பெயர்களுக்கும் ஒரு கதை உண்டு. 1824இல் தொடங்கிய நில அளவையின்போது பிரித்தானிய அதிகாரிகள் ஐரிஷ் ஊர்ப்பெயர்களைத் தங்கள் காதுக்கு ஏற்றபடி வரைபடத்தில் எழுதிக்கொண்டார்கள். பிரையன் ஃபிரியல் 1980இல் மேடையேற்றிய 'டிரான்ஸ்லேஷன்ஸ்' நாடகம் முழுவதும் அதைப் பற்றியதுதான். எழுதுகோல் யார் கையில் இருக்கிறதோ அவர் காதில் விழுந்ததே பெயராகிறது. நம் கச்சேரிகளிலும் அதுதான் நடந்தது.

ஒரு 'ப'வுக்குள் இரண்டு ஒலி

பம்பரம் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முதல் 'ப'வும் நடுவில் வரும் 'ப'வும் ஒரே எழுத்து. ஆனால் ஒலி வேறு. முதலாவது வன்மையாக வெடிக்கிறது, இரண்டாவது மெல்லக் கனக்கிறது. தமிழுக்கு இரண்டு எழுத்து தேவைப்படவில்லை, ஏனென்றால் எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பது நமக்குத் தானாகத் தெரியும். சிங்களத்தில் அவை இரண்டு தனி எழுத்துகள். க, ட, த எழுத்துகளுக்கும் இதே நிலை. ஆகவே தமிழில் எழுதிய பெயரைச் சிங்களத்துக்கு மாற்றும் எழுதுவினைஞர் ஒவ்வோர் எழுத்திலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கோபிகா என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்தில் இரண்டு வழி, இரண்டாவதில் இரண்டு வழி, மூன்றாவதில் இரண்டு வழி. கணக்குப்படி எட்டுக் கோபிகாக்கள். அதில் நான்கைந்து பேரை நானே கண்டிருக்கிறேன். என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தது. அடையாள அட்டையில் சமஸ்கிருத வழக்கை அறிந்த யாரோ ஒருவர் 'ஜீ' ஒலியில் தொடங்கிச் சிங்களத்தில் எழுதியிருந்தார். பாடசாலைச் சான்றிதழில் ஆங்கிலத்தில் 'கே' எழுத்தில் தொடங்கியிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் கணவனிடம் போக விண்ணப்பித்தபோது, இவர்கள் மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்கச் சொன்னார்கள். ஓர் அலுவலகத்தில் அது போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் போய்ச் சேர ஒன்றரை வருடம் பிடித்தது. எழுத்துப் பிழை என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மூன்று பேரும் தங்கள் எழுத்தில் சரியாகவே எழுதியிருந்தார்கள்.

இந்த 'ப' ஒலி ஆவணத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1983 யூலையில் வாகனங்களை மறித்த கும்பல்கள் ஆளைப் பிடித்து வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். 'பால்திய' என்ற அந்தச் சொல்லின் முதல் ஒலி பம்பரத்தின் நடு 'ப' போன்றது. சொல்லின் தொடக்கத்தில் அந்த ஒலி தமிழ் வாய்க்கு இயல்பாக வராது. வன்மையான 'ப'வாக வெடித்துவிடும், அல்லது 'வ' என்று நழுவும். அப்படிச் சொன்னவர்கள் பலர் உயிரோடு வீடு திரும்பவில்லை. வாளி என்ற சாதாரணப் பொருள், அதுவும் போர்த்துக்கேயரிடமிருந்து சிங்களத்துக்கு வந்த சொல். உச்சரிப்பு என்பது பேச்சழகு பற்றிய விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதன் பிறகு பிறந்த பிள்ளைகளின் பெயர்களை என் வகுப்புப் பதிவேடுகளில் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். முருகேசு, தங்கராசா, நாகம்மா குறைந்து சுரேஷ், தினேஷ், நிரோஷன், பிரியந்தி, கெவின், ஷெரின் கூடின. இந்தப் பெயர்களைச் சிங்கள வீடுகளிலும் வைப்பார்கள். பஸ்ஸில் ஏறி அட்டையைக் கேட்கிறவன் உடனே புருவத்தை உயர்த்தமாட்டான். பழைய அடையாள அட்டையில் பெயரோடு பிறந்த இடமும் இருக்கும், ஆகையால் பெயர் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பெற்றோர் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். அந்தக் காலத்துப் பெயர்களைத் தமிழுணர்வு இல்லாதவர்கள் வைத்த பெயர்கள் என்று இப்போது மேடையில் நின்று ஏசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சிலாபத்துக்குத் தெற்கே இந்த ஓட்டம் இன்னும் முன்பே தொடங்கியது. கத்தோலிக்கப் பாடசாலைகள் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறிய பிறகு, பெர்னாந்து என்ற குடும்பப் பெயர் மட்டும் அப்படியே இருக்க, அதற்கு முன்னால் வரும் பெயர் ஒரு தலைமுறைக்குள் மாறியது. ஜெபத்தைத் தமிழில் சொல்லும் பாட்டிமாரும் தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருப்பதை அந்தப் பக்கம் காணலாம்.

பாத்திமாவும் முகம்மதும்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும்தான். சில மணி நேர அவகாசத்தில் கிளம்பியவர்கள் கையில் ஆவணம் ஏது? பிறப்புப் பதிவை மீண்டும் எடுக்க, உத்தேச வயதுச் சான்றிதழ் பெற என்று அலைந்தபோது பெயர்கள் புதிதாக எழுதப்பட்டன. முகம்மது, முஹம்மத், மொஹமட் என்று ஒரே தகப்பனின் பிள்ளைகளுக்கு மூன்று விதம்.

அரபுப் பெயரைத் தமிழில் எழுதும்போது இன்னொரு முடிச்சு இருக்கிறது. அரபியில் வன்மையான 'ப' ஒலியே கிடையாது. தமிழில் பாயிஸ் என்று எழுதினால், அரபி தெரிந்தவர் உதட்டைப் பல்லால் தொட்டு வரும் ஒலி என்று புரிந்துகொள்வார். தெரியாத எழுதுவினைஞர் எழுத்தில் உள்ளபடி எழுதிவிடுவார். பாத்திமாவைப் பிழையாக எழுத யாராலும் முடியாது, அவ்வளவு பழக்கம். குறைவாக வழங்கும் பெயர்களில்தான் கவனம் வேண்டும். இந்த ஒலிக்கு ஆய்த எழுத்தைப் போட்டு எழுதுவது நல்ல வழக்கம். வடக்கிலிருந்து வந்தவர்களும் உள்ளூர்க்காரரும் ற, ர எழுத்துகளை வேறு வேறாகப் போடுவதுண்டு. றிஸ்வானும் ரிஸ்வானும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒன்றாகிவிடுவதால் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

ழகரத்தை வைக்கலாமா?

யாழினி, கயல்விழி, எழில் போன்ற பெயர்களை வைக்கப் பயப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள். வையுங்கள் என்பதே என் பதில். ழகரத்தை நம்மில் பெரும்பாலோரே ளகரமாகத்தான் சொல்கிறோம், சிங்கள வாயில் அது சாதாரண லகரம். யாலினி என்று கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்ப்பாள், ஒன்றும் கெட்டுப்போகாது. சிக்கல் ஆங்கில எழுத்தில்தான். தமிழ்நாட்டு வழக்கப்படி 'இசட் எச்' போட்டால் வெளிநாட்டில் அவள் யாஸினி ஆவாள். இலங்கையில் பலர் எழுதுவதுபோல் 'எல்' போட்டால் ஓரளவு பக்கத்தில் வந்துவிடும். அழகுக்காக 'இசட்' போடுகிறவர்கள் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டிருக்கும் என்பதை நினைக்க வேண்டும்.

சிங்களத்தில் வேறு பொருள் தரும் பெயர்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மல்லிகாவை மல்லி என்று சுருக்கினால் அங்கே அவள் தம்பியாகிவிடுவாள். ஹரி என்றால் 'சரி' என்று அர்த்தம், யார் எதற்குச் சம்மதித்தாலும் பையன் திரும்பிப் பார்ப்பான். இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. 'வ' எழுத்து அப்படியல்ல. ஆங்கிலத்தில் அதை 'வி' என்றும் 'டபிள்யூ' என்றும் இலங்கையில் மாற்றி மாற்றி எழுதுவார்கள். வாணி இரண்டு பேராகிவிடுவாள். ஒன்றை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

இன்னொரு சோதனையைக் கரைவலைக்காரரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். காற்றுக்கு எதிராக நின்று பெயரைக் கூப்பிட்டுப் பாருங்கள். நெடில் உள்ள பெயர் தூரம் போகும். குறில்களும் மெய்களும் நெருங்கிய பெயரை வீட்டார் தாங்களே ஒரு நெடில் போட்டு மாற்றிவிடுவார்கள். எண்சாஸ்திரம் பார்த்து எழுத்தைக் கூட்டிக் குறைத்து உருவாக்கும் பெயர்கள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்கும்.

பதிவாளரிடம் போகுமுன்

பிறப்பு, இறப்புப் பதிவுக்கு அடிப்படை 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்பதற்காகப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பிறப்பைப் பதிந்துவிட்டு, சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ்ப் பெயரைப் பின்னர் சேர்க்கலாம். பதிந்த பெயரை மாற்றுவதும் அதே பிரிவின் கீழ்தான். பிள்ளை பாடசாலைக்குப் போய்ச் சான்றிதழ்கள் சேர்வதற்கு முன் செய்தால் திருத்தம் ஒரு கடதாசியோடு முடியும். வளர்ந்த பிறகு செய்தால் ஒவ்வொரு ஆவணத்தின் பின்னாலும் ஓட வேண்டும்.

புத்தளம் மாவட்டம் வடமேல் மாகாணத்தில் இருப்பதால் அலுவலக மொழி சிங்களம் என்று நம்மவர்களே சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, 1988இல் செய்யப்பட்ட 16ஆம் திருத்தத்தின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும் தமிழில் அலுவல் பார்க்கவும், தமிழில் பதில் பெறவும், பதிவேட்டின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறவும் உரிமை தருகிறது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அன்று இல்லை என்றால் நாளைக்கு வரச் சொல்வார்கள். நாளைக்குப் போங்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டால், 2014க்கு முன் வடக்கு கிழக்குக்கு வெளியே அது சிங்களத்தில் மட்டுமே வந்தது. அந்தப் பழைய அட்டையிலுள்ள பெயரையே பெற்றோரின் பெயராகப் பிள்ளையின் பதிவில் எழுதுவார்கள். ஆகவே தாய் தகப்பனின் பெயர்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதையும் அப்போதே பாருங்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு தாளில் பெயரை மூன்று மொழியிலும் எழுதிக்கொண்டு போங்கள். சிங்களம் எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து, அதை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எடுத்துச் செல்லுங்கள். பதிவாளர் எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்து அதன் பிறகு. வாயால் சொல்லி எழுதவைத்த பெயர்களில்தான் நான் கண்ட சிக்கல்களில் பெரும்பாலானவை முளைத்தன.

உண்மையில் பெயரை முதலில் எழுதுகிறவர் பதிவாளர்கூட அல்ல. குடும்ப நல உத்தியோகத்தர் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில், தடுப்பூசித் திகதிகளுக்கு மேலே, அதை எழுதுவார். நம் பக்கங்களில் அவர் பல இடங்களில் சிங்களப் பெண்மணி, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டே பெயரைக் கேட்பார். அந்தத் தாளை முதலில் அவரிடம் காட்டுங்கள். பிறகு அதே பதிவேட்டின் உறைக்குள் மடித்து வையுங்கள்.